அம்பயருக்கு மார்க் போடத் தெரியுமா?

கோச்சடைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் டென்னிஸ் பால் மேட்ச் ஒன்றாவது கண்ணில் படும். மேலக்கால் ரோட்டுக்கும் வைகைக்கும் நடுவே நாலு பிளாட் வீடு கட்டாமல் சேர்ந்தாற்போலக் கிடந்தால் போதும், ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். அம்பயர்? பேட்டிங் டீம்காரன்தான். அடுத்து இறங்க வேண்டியவன், பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பான். கீப்பர் கத்துவான். ஆடுகிறவன், "அய்யனார் மேல சத்தியமா பேட்டுல படலண்ணே" என்பான். அய்யனார் கோயில் பக்கத்திலேயே இருப்பதால், கத்திய கீப்பருக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிடும்.

நானும் அப்படி நின்றவன்தான். ஒரு பைனலில் கடைசி ஓவர், ரன் அவுட். அரை அடி வெளியே. ஓடியவன் என் மாமா மகன். 'நாட் அவுட்' என்று தலையாட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னை அம்பயராகக் கூப்பிடவும் இல்லை. ரெண்டு அடி விழுந்திருந்தால்கூட அன்றைக்கே ஆறிப்போயிருக்கும்.

அம்பயரைப் பற்றி எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: சரியாச் சொன்னாரா, தப்பாச் சொன்னாரா? போட்டி நடத்துகிறவர், மேட்ச் முடிந்து அறிக்கை எழுதும் கேப்டன், இந்த வேலைக்கே வரலாம் என்று நினைக்கும் பையன் அல்லது பெண், இந்த மூன்று பேருக்கும் அந்தக் கேள்வி போதாது. ஏன் போதாது என்பதற்கு அமெரிக்க பேஸ்பாலில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

பேஸ்பாலில் 'ஹோம் பிளேட்' என்ற தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயருக்கு நம் ஊர் அம்பயரைவிட வேலை அதிகம். ஆள் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும், 17 அங்குல அகலத் தட்டுக்கு மேலே வந்ததா, விலகிப் போனதா என்று சொல்லியாக வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள். 2022 வேர்ல்டு சீரீஸ் என்ற இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பாட் ஹோபெர்க் என்பவர் அப்படி 129 பந்துகளுக்கு முடிவு சொன்னார். பந்து பந்தாகக் கணக்கெடுக்கும் அம்ப் ஸ்கோர்கார்ட்ஸ் கணக்குப்படி 129ம் சரி. நூற்றுக்கு நூறு. அதே ஹோபெர்கை 2025 பிப்ரவரியில் மேஜர் லீக் வேலையை விட்டு நீக்கியது. பேஸ்பாலில் பந்தயம் கட்டிய நண்பரோடு ஒரே சூதாட்டக் கணக்கைப் பகிர்ந்துகொண்டார், விசாரணைக்கு வேண்டிய செய்திகளை அழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவரே பேஸ்பாலில் பணம் கட்டியதற்கோ, ஆட்டத்தை வளைத்ததற்கோ ஆதாரம் இல்லை என்று லீக்கே சொன்னது. ஆனாலும் வேலை போனது.

இன்னொருவர் ஜிம் ஜாய்ஸ். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் எதிரணியில் 26 பேரை ஒருவர்கூட பேஸைத் தொடாமல் வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒரே ஆள். அதை முடித்தால் 'பெர்ஃபெக்ட் கேம்'. பேஸ்பாலின் நூற்றைம்பது வருடக் கதையிலும் கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சாதனை அது. 27வது ஆள் முதல் பேஸுக்கு ஓடினார், தெளிவான அவுட். ஜாய்ஸ் 'சேஃப்' என்று கை விரித்தார். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்தவர், அந்தப் பிட்சரையே நேரில் பார்த்து, தப்புச் செய்துவிட்டேன் என்று அழுதார். மறுநாள் அணிப் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்ததும் அதே கலராகாதான். வாங்கும்போது ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதமே ஈஎஸ்பிஎன் நூறு வீரர்களிடம் சிறந்த அம்பயர் யார் என்று கேட்டது. பாதிக்கு மேல் ஜாய்ஸ் பெயரைச் சொன்னார்கள்.

ஓர் ஆட்டம் முழுக்கத் தப்பே சொல்லாதவருக்கு வீட்டுக்கு வழி காட்டினார்கள். ஊர் அறிந்த தப்புச் செய்தவரை வீரர்களே தூக்கிப் பிடித்தார்கள். மார்க் போடும்போது இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணத்தைப் பாருங்கள். இதில் பாதி மார்க் என்ற பேச்சே கிடையாது. முழு மார்க், இல்லையென்றால் பூஜ்யம். 2013இல் வங்கதேச அம்பயர் நாதிர் ஷாவுக்கு அவர் நாட்டு வாரியம் பத்து வருடத் தடை போட்டது. 2016இல் பாகிஸ்தானின் ஆசாத் ரவூஃபுக்கு நம் வாரியம் ஐந்து வருடத் தடை. அதெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் போட்டியில் ஜெயித்த டீம் அம்பயருக்கு பிரியாணி வாங்கிக் கொடுப்பது பழக்கம். கொடுப்பவன் மனதில் கள்ளம் இருக்காது. ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாக்கில், ஜெயிக்கப்போகிற டீம் எது என்று அம்பயருக்கே ஓர் ஆசை வந்துவிடும். ஆகவே டாஸ் போடுவதற்கு முன்பே, அம்பயர் கூலியை இரண்டு டீமிடமும் சமமாக வாங்கி, கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின் டீ மட்டும்.

அடுத்தது நேரம். எளிதாகப் பார்க்கக்கூடியது, யாரும் பார்க்காதது. கிரிக்கெட் விதிப்படி அம்பயர் ஆட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 45 நிமிடம் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். டாஸுக்கு முன் இரண்டு கேப்டன்களோடும் பேச வேண்டும்: எல்லைக்கோடு எது, மரத்தில் பட்டால் எத்தனை ரன், பந்து சாக்கடையில் விழுந்தால் என்ன. மைதானச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பேச்சு நடக்காததால் வருபவை. தலை வாரிக்கொண்டே வந்து, "என்னப்பா, டாஸ் போட்டாச்சா" என்று கேட்கிறவருக்கு அங்கேயே மார்க்கைக் கழித்துவிடலாம்.

இனி முடிவுகள். இங்கே நான் சரியா தப்பா என்பதைவிட, ஒரே மாதிரியா என்பதைத்தான் பார்ப்பேன். லெக் சைடில் ஒரு சாண் தள்ளிப் போனால் வைடு என்று முதல் ஓவரில் கொடுத்தாரென்றால், பதினெட்டாவது ஓவரிலும் அதே சாண்தான் இருக்க வேண்டும். கோடு கொஞ்சம் கறாராக இருந்தாலும் பௌலர் பழகிக்கொள்வான். நடுவில் கோடு நகர்ந்தால் யாராலும் பழக முடியாது. பேஸ்பாலிலும் துல்லியத்துக்கு ஒரு மதிப்பெண், ஒரே சீராக இருந்ததற்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். 2026 சீசனிலிருந்து அங்கே ஒவ்வொரு அணியும் ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை தோற்கும்வரை இயந்திரத்திடம் முறையிடலாம். நம் டிஆர்எஸ் மாதிரி. நம் மைதானத்தில் இயந்திரம் இல்லை, வைடு கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுவிடலாம். பத்து ரூபாய் செலவு.

பிறகு, தப்புக்குப் பின் என்ன செய்தார் என்பது. கிரிக்கெட் விதிப்புத்தகத்தின் 2.12 அம்பயருக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது: உடனே செய்வதானால் தன் முடிவைத் தானே மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் இதை யாரும் பயன்படுத்துவதில்லை. மாற்றினால் மானம் போய்விடும் என்று பயம். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கப்திலின் த்ரோ ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு எல்லைக்குப் போனபோது, இலங்கையின் குமார் தர்மசேன ஆறு ரன் கொடுத்தார். ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும். தப்புதான் என்று பின்னால் ஒப்புக்கொண்டார், ஆனால் அதற்காக வருந்தப் போவதில்லை என்றும் சொன்னார். நானாக இருந்தால் அவருக்குப் பாதி மார்க் போடுவேன். டிவி ரீப்ளே பார்க்காமல் மைதானத்தில் நின்று சொன்ன முடிவு அது என்று அவர் சொன்னதில் நியாயம் இருப்பதால்தான் அந்தப் பாதியும்.

கோபம் கடைசியில் வருகிறது, ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது அதுதான். 2019 ஐபிஎல்லில் இரண்டு காட்சிகள். ஜெய்ப்பூரில் ஒரு நோ பால் தகராறில் தோனி வெளியிலிருந்து மைதானத்துக்குள்ளேயே நடந்து வந்துவிட்டார். தோனிக்கு எதிரில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அம்பயர்கள் குரலை உயர்த்தவில்லை, தோனி வந்ததற்காகத் தங்கள் முடிவையும் மாற்றவில்லை. பிறகு மேட்ச் ரெஃப்ரி வழியாக தோனியின் அந்த ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதமாகப் போனது. அம்பயரின் வேலை அங்கே எழுதிக் கொடுப்பது, தண்டிப்பவர் வேறு. அதே சீசனில் பெங்களூரில், நைஜல் லாங் என்ற இங்கிலாந்து அம்பயர் ஒரு நோ பால் வாக்குவாதத்துக்குப் பிறகு அறைக் கதவை உதைத்து உடைத்து, அதற்குப் பணமும் கட்டினார். உலகத் தரத்து அம்பயர்தான். அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கதவைத்தான் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு முடிவை வைத்து ஓர் ஆளை எடைபோட வேண்டாம் என்பதற்கு நம் சேப்பாக்கமே சாட்சி. 1986 செப்டம்பர் 22. கடைசி ஓவர், இரண்டு பந்து பாக்கி, இந்தியாவுக்கு ஒரு ரன் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பி என்று அம்பயர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டெஸ்ட் டை ஆனது. பேட்டில் பட்டதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. விக்ரம்ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். மூன்றாவது கிடைக்கவே இல்லை. இன்னொரு பக்கம் நம் வெங்கட்ராகவன்: ஆட்டக்காரராக 57 டெஸ்ட், அம்பயராக 73 டெஸ்ட். 2002இல் ஐசிசி எலைட் பேனல் தொடங்கியபோதே அதில் இடம் பெற்றவர். 73 டெஸ்டில் தப்பே சொல்லாமல் யாராலும் நின்றிருக்க முடியாது. ஆனால் அவருக்கு மார்க் போட்டவர்கள் முழுக் கணக்கைப் பார்த்தார்கள்.

கேப்டன்களுக்கு: தோற்ற அன்றைக்கு இரவே அறிக்கை எழுதாதீர்கள். எழுதும்போது 'ஏமாத்திட்டார்' என்ற வார்த்தையே வரக்கூடாது. ஓவர், பந்து, என்ன நடந்தது, அம்பயர் என்ன சொன்னார், அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்குமா என்பது மட்டும் போதும். கடைசியாகச் சொன்னதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். பௌலர் மறைத்துக்கொண்டு ஓடினால் அம்பயர் என்ன செய்வார்? குறிப்பை அப்போதே எழுதி வைப்பது நல்லது. ஜல்லிக்கட்டில் யார் எத்தனை மாடு பிடித்தார் என்பதிலேயே தகராறு வருகிற ஊர் இது. 2024இல் அலங்காநல்லூரில் ஒரே ஒரு மாடு வித்தியாசத்தில் முதல் பரிசுக் கார் யாருக்கு என்று முடிவான கதை எல்லோருக்கும் தெரியும். ஞாபகத்தை நம்பி எழுதினால் நம் டீமுக்குத்தான் ரன் கூடும்.

இந்த வேலைக்கே வர நினைப்பவர்களுக்கு: வழி மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் தொடங்கி, மாநிலச் சங்கத்தின் தேர்வு வழியாக, இந்திய வாரியத்தின் தேர்வுகளுக்குப் போகிறது. தேர்வு விளையாட்டல்ல. 2022இல் வாரியம் அகமதாபாதில் நடத்திய ஒரு தேர்வை 140 பேர் எழுதி மூன்றே பேர் தேறினார்கள். எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 35, வீடியோவுக்கு 35, உடல் தகுதிக்கு 30. 90 எடுத்தால் பாஸ். ஒரு கேள்வி: பெவிலியன் நிழலோ, மர நிழலோ, ஃபீல்டரின் நிழலோ பிட்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்? கட்டட நிழலையும் மர நிழலையும் கண்டுகொள்ளக் கூடாது. ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அசைந்தால் டெட் பால். விதியை மனப்பாடம் செய்தவனுக்கு இந்தப் பதில் வராது; வெயிலில் நின்றவனுக்கு வரும்.

சென்னையின் நாராயணன் ஜனனி சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு அம்பயர் ஆனார். 2023 ஜனவரியில் விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன் இருவரோடும் ரஞ்சிக் கோப்பையில் நின்ற முதல் பெண் அம்பயர்களில் ஒருவரானார். சம்பளம்? 2022 கணக்கில் வாரியத்தின் மேல்தட்டு அம்பயருக்கு முதல்தர ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், அடுத்த தட்டுக்கு 30,000. அந்த இடத்துக்குப் போகப் பல வருடம் ஆகும். அதுவரை கையில் இன்னொரு வேலை இருக்கட்டும். 2025 அக்டோபரில் சிந்தாமணியில் தோனி திறந்து வைத்த புது மைதானம் கோச்சடையிலிருந்து ஊரின் மறுகோடி, ஆனால் மதுரைக்குள்தான். பெரிய ஆட்டம் வரும்போது டிக்கெட் எடுத்துப் போய், பந்தை விட்டுவிட்டு அம்பயரை மட்டும் ஒரு இன்னிங்ஸ் முழுக்கப் பாருங்கள். பந்து போடாத நேரத்தில் அவர் எங்கே நடக்கிறார், யாரிடம் என்ன பேசுகிறார், எப்போது சிரிக்கிறார் என்று.

போன சீசனில் எங்கள் பக்கத்துப் பையன்கள் முதன்முறையாக வெளியூர் அம்பயர் ஒருவரை அழைத்தார்கள். ஆளுக்குப் பாதி போட்டு, டாஸுக்கு முன்பே கவரில் கொடுத்தார்கள். தோற்ற டீமின் கேப்டன், பதினொன்றாவது படிக்கும் பையன், ரெண்டு நாள் கழித்து ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொண்டுவந்தான்: 'பன்னிரண்டாவது ஓவர், நாலாவது பந்து. வைடு கொடுத்தார். எனக்கு வைடாகத் தெரியவில்லை. அவர்கள் பேட்டிங் பண்ணும்போதும் இதே கோடுதான்.'