அறுபது வயசு ஆச்சிக்கு யார் விழா எடுப்பது?

(இந்த மாதப் பாடம்: பிறந்தநாளும் நம் குழுவும்)



போன இதழ்களில் சேமிப்பு, உள்கடன், பதிவேடு பற்றியெல்லாம் படித்தோம். இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். பிறந்தநாள் பற்றிப் பேசப் போகிறோம். "இதுல படிக்க என்ன மேடம் இருக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2024 கார்த்திகை மாதம் சீவலப்பேரியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற ஊர் அது. சேமிப்பு வசூல் முடிந்து கடன் பேச்சு வந்தது. ஒரு தங்கச்சி எழுந்து, "பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வருது, பத்தாயிரம் வேணும்" என்றாள். ஊக்குநர், "பத்தாயிரத்துல முடிஞ்சிருமாளா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லக்கா, வெளிய இருபது வாங்குதேன்" என்றாள்.

கேக், பிளெக்ஸ் போர்டு, போட்டோக்காரர், பிரியாணி. மொத்தம் முப்பதாயிரம். நாங்கள் கோபப்படவில்லை. கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம்.

குழுவில் வாங்கும் 10,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 100 ரூபாய். வெளியில் வாங்கும் 20,000 ரூபாய்க்கு, பத்து வட்டி என்றால் மாதம் 2,000 ரூபாய். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 20,000 ரூபாய் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். பிள்ளைக்கு இரண்டாவது பிறந்தநாள் வரும்போதும் முதல் பிறந்தநாளுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வயசுப் பிள்ளைக்கு இம்புட்டுச் செலவு. எனக்கும் இந்த மார்கழி வந்தா அறுபது ஆவுது. எனக்கு யாரு கேக்கு வெட்டப் போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்ணுக்கு என்று ஒரு வயசு உண்டா?

நம் ஊரில் அறுபது நிறைந்தால் மணிவிழா எடுப்போம். அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் வருஷங்கள் பிரபவ முதல் அட்சய வரை மொத்தம் 60. நாம் பிறந்த வருஷம் ஒரு சுற்று முடிந்து, அறுபது நிறையும்போது அதே பெயரில் திரும்ப வரும். குரோதி வருஷம் 1964-ல் வந்தது, பிறகு 2024-ல் வந்தது. எண்பது நிறைந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம் செய்கிறோம். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறைக்கு 29,500 நாள். அதாவது 80 வருஷமும் சுமார் 10 மாதமும். நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

வசதி உள்ளவர்கள் திருக்கடையூர் போய் இந்த விழாக்களைச் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மணிவிழா யாருடைய வயசுக்கு? பெரும்பாலும் கணவரின் வயசுக்கு. அவருக்கு அறுபது என்றால் மனைவி பக்கத்தில் மாலையோடு உட்காருவார். மனைவிக்கு அறுபது வரும்போது வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கணவர் இறந்துவிட்டால் அந்த மாலையும் இல்லை.

நாமும் பெண்களுக்கு விழா எடுக்காமல் இல்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று எடுக்கிறோம். இதில் காதுகுத்து ஆம்பளப் பிள்ளைக்கும் உண்டு. மற்ற மூன்றும் அவள் பெரியவளானதற்கும், மனைவியானதற்கும், தாயாவதற்கும். அதன் பிறகு? முப்பது வருஷம் வயக்காட்டில் நாற்று நட்டு, பீடி சுற்றி, பிள்ளைகளைப் படிக்க வைத்து நிற்கிறாள். அவள் உழைத்து வாழ்ந்ததற்கு என்று ஒரு விழாவும் கிடையாது.

அந்த ஆச்சிக்குக் கணவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விசேஷ வீடுகளில் அவர் முன்னால் வந்து நிற்க மாட்டார். அடுப்படியில்தான் இருப்பார்.

பிறந்த நாளே தெரியாதே!

ஆச்சிக்கு மார்கழி என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ராமேஸ்வரம் பக்கம் கடல் ஊருக்குள்ள ஏறி ரயிலைக் கவுத்துச்சுல்லா, அந்தப் புயல் சமயத்துலதான் நீ பொறந்தன்னு எங்கம்மா சொல்லுவாவ" என்றார். தனுஷ்கோடி புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. ஆக, 2024 மார்கழியில் அறுபது நிறைகிறது. கணக்குச் சரி.

அன்றைக்கே எல்லோருக்கும் ஒரு பயிற்சி வைத்தோம். நீங்களும் உங்கள் குழுவில் செய்து பார்க்கலாம். தரையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். ஊருக்கே தெரிந்த சம்பவங்களை வரிசையாகக் குறியுங்கள்.

- 1964 டிசம்பர்: தனுஷ்கோடி புயல்
- 1967: அண்ணா முதலமைச்சர் ஆனது
- 1969 பிப்ரவரி 3: அண்ணா மறைந்தது
- 1975 அக்டோபர் 2: காமராஜர் மறைந்தது
- 1977: எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனது
- 1982 ஜூலை: சத்துணவு தொடங்கியது
- 1986 அக்டோபர்: தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது
- 1992 நவம்பர்: தாமிரபரணி பெருவெள்ளம்
- 2004 டிசம்பர் 26: சுனாமி
- 2023 டிசம்பர் 17, 18: மறுபடியும் பெருவெள்ளம்

ஒவ்வொருவரும் "எங்க அம்மா என்ன சொல்லுவாவ? அப்ப நான் கைப்பிள்ளையா, பள்ளிக்கூடம் போனேனா, வயசுக்கு வந்திருந்தேனா?" என்று யோசித்துக் கோட்டில் ஒரு கல் வைக்க வேண்டும். பிறகு அவரவர் ஆதார் அட்டையை எடுத்து ஒப்பிட வேண்டும்.

அன்று ஒரு மதினிக்கு ஆதாரில் நான்கு வயசு குறைவாக இருப்பது தெரிந்தது. அட்டை எடுத்தபோது குத்துமதிப்பாகச் சொன்ன வயசு. நம்மில் பல பேருக்கு அட்டையில் வருஷம் மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். "நாலு வயசு கொறஞ்சா நல்லதுதான, எளந்தாரியா இருக்கலாம்" என்று அவரே கேலி பேசினார். ஆனால் ஆதரவற்ற முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் நான்கு வருஷம் காத்திருந்தால் 48 மாதம். 48 மாதத்துக்கு 57,600 ரூபாய். இதைச் சொன்னதும் கேலி நின்றுவிட்டது.

அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தது. அதைக் கொண்டு மாற்றுச் சான்றிதழ் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தோம். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் திருத்த முடியும். அதனால் சரியான சான்று கையில் இல்லாமல் அவசரப்பட்டுத் திருத்தப் போகாதீர்கள்.

மார்கழியில் நடந்தது

ஆச்சிக்கு விழா எடுப்பது என்று குழுவில் தீர்மானம் போட்டோம். நிபந்தனை இரண்டு. கடன் வாங்கக் கூடாது. கடையில் வாங்கிய பரிசு கூடாது.

சாப்பாடு என்ன என்பதில் குழப்பமே இல்லை, நம்ம ஊர் கூட்டாஞ்சோறுதான். ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தி கத்தரிக்காய், ஒருத்தி முருங்கைக்கீரை, ஒருத்தி தேங்காய் என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டு வந்தார்கள். ஆச்சியை அடுப்பு பக்கமே விடவில்லை. "நீ நடுவுல உக்காரு ஆச்சி" என்று பாயில் உட்கார வைத்தோம். அவருக்கு அது பழக்கமே இல்லை. இரண்டு தடவை எழுந்து கரண்டியை எடுக்கப் போனார்.

பிறகு குழுவின் பழைய தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் எடுத்து ஊக்குநர் வாசித்தார். ஆச்சி முதல் மாதம் கட்டிய சந்தா, அதற்கு வைத்த கைரேகை, முதல் கடனில் வாங்கிய ஆடு, மகன் படிப்புக்கு வாங்கிய கடன், ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியது. கைரேகை வைத்தவர் எந்த மாதத்திலிருந்து கையெழுத்துப் போடத் தொடங்கினார் என்பதும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு உறுப்பினரும் ஆச்சியைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் சொன்னார்கள். 2023 வெள்ளத்தில் தன் வீட்டில் தண்ணீர் நின்றபோதும், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை மேட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவந்ததை ஒரு தங்கச்சி சொன்னாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். அந்த நோட்டுதான் பரிசு. கடைசியில் ஆச்சி கையால் ஒரு முருங்கைக் கம்பு நட்டோம்.

அன்று மாலை கட்டி ஆச்சி கழுத்தில் போட்டது யார் தெரியுமா? பிள்ளை பிறந்தநாளுக்குக் கடன் கேட்ட அதே தங்கச்சி. அவள் வெளிக்கடன் வாங்கவில்லை. வீட்டில் பாயசம் வைத்து, பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சின்னக் கேக்கும் வெட்டினாள். கேக் வெட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை ஆசைக்கு வெட்டுங்கள். பத்து வட்டிக்கு வாங்கி வெட்டாதீர்கள்.

ஒரு வயசுக்கு ஒரு கொண்டாட்டம், ஒரு காகிதம்

ஆசிரியர் தினம் எப்படி வந்தது? டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962-ல் குடியரசுத் தலைவர் ஆனபோது, தன் பிறந்தநாளான செப்டம்பர் 5-ஐ ஆசிரியர்களுக்கான நாளாகக் கொண்டாடச் சொன்னார். காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15-ஐ நம் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பெரியவர்கள் பிறந்தநாள் ஊருக்குப் பயன்படுகிறது. நம் வீட்டுப் பிறந்தநாள் நமக்காவது பயன்பட வேண்டாமா? அதனால் முக்கியமான வயசு வரும்போதெல்லாம் ஒரு கொண்டாட்டமும், ஒரு காகித வேலையும் சேர்த்துச் செய்யுங்கள்.

1 வயது: பிறப்புச் சான்றில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றுதான் வயதுக்கு ஆதாரம்.

10 வயது: பெண் பிள்ளைக்கு 10 வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். பிளெக்ஸ் போர்டு காசில் பல வருஷம் கட்டலாம்.

18 வயது: பெண்ணுக்கு இந்த வயசு வருமுன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். எங்காவது நடந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். பதினெட்டாம் பிறந்தநாளில் அவளுக்கு வாக்காளர் அட்டையும், அவள் பெயரில் வங்கிக் கணக்கும் இருக்கட்டும். அம்மா தன் வாழ்க்கையில் கற்றதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து கொடுக்கலாம்.

30 வயது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தோழியைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். அதுவே பிறந்தநாள் பரிசு.

40 வயது: அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம். நாற்பது நெருங்குகிறவர்கள் அதற்கு முன்பே வங்கியில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

60 வயது: உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்கள் இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். கூடவே, வாழ்க்கைக் கதையை நோட்டில் எழுதி ஒரு விழா எடுங்கள்.

80 வயது: பேரன் பேத்திகளை உட்கார வைத்து, ஊர்க் கதையும் பாட்டும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆயிரம் பிறை கண்டவர் போனால் அந்தக் கதையும் கூடவே போய்விடும்.

மதினியின் மனு

படிக்கிற உங்களுக்கு அது நினைவில் இருக்கும். ஆதார் திருத்தம் முடிந்து, உதவித்தொகைக்கு மனு கொடுத்தாயிற்று. விசாரணையும் முடிந்தது. உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் "மேடம், எனக்கு அறுபது ஆயிருச்சுன்னு கவர்மெண்டு ஒத்துக்கிட்டா நானும் பாயில உக்காருவேன்" என்கிறார். உத்தரவுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்துவிட்டது. அடுத்த கூட்டாஞ்சோறு அவருக்குத்தான்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் பிறந்த தேதி தெரியாதவர்கள் எத்தனை பேர்? ஊர்க் காலக்கோடு போட்டுக் கண்டுபிடியுங்கள்.
2. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை மூன்றிலும் வயது ஒன்றுபோல் இருக்கிறதா?
3. சென்ற ஆண்டில் விசேஷங்களுக்காக வெளிக்கடன் வாங்கியவர்கள் இதுவரை எவ்வளவு வட்டி கட்டியிருக்கிறார்கள்?
4. நம் குழுவில் அடுத்து 60 நிறைகிறவர் யார்? அவர் கணவரோடு இருந்தாலும், தனியாக இருந்தாலும், அவரைப் பாயில் உட்கார வைக்க என்ன செய்யப் போகிறோம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

நீங்கள் எடுத்த விழாவைப் பற்றி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்