அச்சிதழும் இணையமும்

உணவு, மருந்து, அடைக்கலம் ஆகிய மூன்றனோடு சாத்திர தானத்தையும் சேர்த்துத் தானம் நால்வகை என வகுத்தனர் நம் முன்னோர். ஏடெழுதி ஈந்த காலம் கழிந்து அச்சிட்டு ஈயும் காலம் வந்தது. இன்று இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் உலகெங்கும் அனுப்புகின்றோம். "கைப்பேசியிலேயே யாவும் கிடைக்கும்போது அச்சிதழ் எதற்கு?" என்னும் வினா நம் இல்லங்களிலும் எழுகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1. இரு காப்பியங்கள் தரும் பாடம்

கொங்குநாட்டு விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றியது பெருங்கதை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டு இதனை அச்சேற்றியபோது, நூலின் முற்பகுதியும் இறுதிப்பகுதியும் கிடைத்தில. படியெடுப்பார் குறைந்தமையால் நேர்ந்த இழப்பு இது.

சீவக சிந்தாமணியின் வரலாறு வேறு. அந்நூலைப் படித்து நிறைவுசெய்த நாளைக் கும்பகோணத்துச் சமணர் இல்லத்தில் விழாவாகவே கொண்டாடினர். ஐயரவர்கள் அவர்களிடம் பொருள் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்தார். பல இல்லங்களில் படியிருந்து, படிப்பாரும் இருந்தால் நூல் பிழைக்கும் என்பது இதனால் விளங்கும்.

2. கொங்குநாட்டுச் சிற்றிதழ்

இவ்வுண்மை இதழ்களுக்கும் பொருந்தும். 1971ஆம் ஆண்டு கோவையில் தோன்றிய 'வானம்பாடி' விலையின்றி வழங்கப்பட்ட கவிதையிதழ். அதில் பங்குகொண்ட கவிஞர்களுள் ஒருவர் சிற்பி பாலசுப்பிரமணியம். அந்நாளில் பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். அளவிற் சிறிய அவ்விதழின் பெயரே ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயராய் நிலைபெற்றது. கைக்குக் கை மாறி, ஒரே பொருளைப் பலரும் ஒரே காலத்தில் படித்து உரையாடச் செய்வது அச்சிதழின் இயல்பு.

3. இணையத்தின் பயன்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி இணையத்தில் வழங்கி வருகின்றது. கடல் கடந்து வாழும் பேரனும் பொள்ளாச்சியில் வாழும் பாட்டனாரும் ஒரே நூலை ஒரே நாளில் படிக்க இயலும். வேண்டிய சொல்லை நொடியில் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றோர் ஒலியாகவும் கேட்கலாம். அச்சு தர இயலாத நன்மைகள் இவை.

4. இருபாலும் உள்ள குறைகள்

இணையப் பக்கம் பெரும்பாலும் பிறர் இடத்தில் குடியிருப்பது. தமிழர் பலரும் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை அதன் நிறுவனம் 2009ஆம் ஆண்டு மூடியது. யுனிகோடு முறை பரவுமுன் பல்வேறு எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும்.

அச்சிதழுக்கும் கேடுகள் உண்டு. தாள் பழுக்கும், கரையான் அரிக்கும், வீடு மாறும்போது பழைய தாள் கடைக்கு எடைக்குச் செல்லும். பெரியோர் மறைந்தபின் அவர்தம் அலமாரியிலிருந்த இதழ்கள் இவ்வாறு போவதை நாம் காண்கின்றோம். சமூக இதழ்கள் குறைந்த படிகளே அச்சாவன; அவற்றுள் எஞ்சிய கடைசிப் படி நம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

5. நாம் செய்யத்தக்கவை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனியொருவர் திரட்டிய நூல்களும் இதழ்களுமே சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. அவ்வளவு பெரும்பணி நம்மால் இயலாதெனினும், கீழ்க்கண்டவை எவர்க்கும் எளியன:

அ) ஆண்டுதோறும் இதழ்களை வரிசைப்படுத்திக் கட்டடம் செய்து வைத்தல்.

ஆ) பழைய இதழ்களை ஒளிவருடி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்தல்.

இ) வேண்டாத இதழ்களை எடைக்குப் போடாது நூலகத்துக்கு ஈதல்.

ஈ) வாரம் ஒரு நாளேனும் சிறுவரைக் கொண்டு ஒரு கட்டுரையை உரக்கப் படிப்பித்தல்.

அச்சு காக்கும், இணையம் பரப்பும். இரண்டனுள் ஒன்றை விடுத்தால் மற்றதன் பயனும் குறையும். பெருங்கதையின் மறைந்த ஏடுகளை நாம் மீட்க இயலாது. நம் வீட்டு அலமாரியில் உள்ளவற்றை இழவாது காக்க இயலும். இன்றே அலமாரியைத் திறந்து பார்ப்போமாக.