விடுமுறையில் வரும் மகன் முஸாபிரா?

துபாயில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் பத்து நாள் லீவில் தாம்பரத்திலுள்ள தம் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ளுஹர் நேரம் வந்ததும் முஸல்லாவை விரிக்கிறார். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிடுகிறார். “ஏன் வாப்பா, ளுஹர் நாலாச்சே?” என்று தாயார் கேட்டால், “பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவன் முஸாபிர்தானே உம்மா” என்று பதில் வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் இதே சமாதானம். சட்டம் படித்த பிள்ளை சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று தாயாரும் விட்டுவிடுகிறார்.

சரியில்லை. அந்த வாலிபர் சொன்ன சட்டம் உண்மையான சட்டம்தான். பொருத்திய இடம்தான் தவறு.

பதினைந்து நாள் என்பது ஹனபி மத்ஹபில் அந்நிய ஊருக்குரிய கணக்கு. பிரயாணி ஒருவர் வழியில் ஓர் ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத்துச் செய்தால் முகீம் ஆகிவிடுவார். குறைந்தால் முஸாபிராகவே இருப்பார். ஷாபிஈ மத்ஹபில், வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் விட்டு நான்கு முழு நாட்கள் என்று கணக்கு. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் இரு மத்ஹபினரும் ஒரே ஸப்பில் நிற்பதால் இரண்டையும் சொல்லி வைக்கிறோம். ஆனால் சொந்த ஊருக்கு இந்த நாள் கணக்கே கிடையாது. ஊர் எல்லைக்குள் காலெடுத்து வைத்ததுமே பிரயாணம் முடிந்தது. ஒரு நாள் தங்கினாலும், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறினாலும் அங்கே தொழுகை முழுமையாகவே தொழப்பட வேண்டும். ஜும்ஆவும் கடமை. இதுவரை அறியாமல் வீட்டில் இரண்டாகத் தொழுதவர்கள் அந்தத் தொழுகைகளைக் கணக்கிட்டுக் களாச் செய்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் சொந்த ஊர் எது? இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. பிறந்த இடம் என்பது மட்டும் போதாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்து வளர்ந்தது மக்கா நகரம். 622-ல் ஹிஜ்ரத் செய்து மதீனாவை இருப்பிடமாக்கிக் கொண்டார்கள். பின்னர் ஹிஜ்ரி 10-ல் ஹஜ்ஜுக்காக மக்கா வந்தபோது, மதீனா திரும்பும் வரை கஸ்ராகவே தொழுதார்கள் என்பது ஹதீஸ்களில் வந்திருக்கிறது. பிறந்த ஊரில், தம் உறவினர் வாழ்ந்த ஊரில், பிரயாணியாகத் தொழுதார்கள்! ஆக, வதன் அஸ்லி என்னும் சொந்த ஊரை உறுதியாக்குவது, ‘இதுவே என் இருப்பிடம், இதை விட்டு நான் பெயரப்போவதில்லை’ என்ற மனத்தின் தீர்மானம். இன்னோர் ஊரை அவ்விதம் ஆக்கிக்கொண்டு, முந்தியதைக் கைவிட்டால்தான் முந்தியது நீங்கும். வெறும் பிரயாணத்தால் நீங்காது. பத்து வருஷம் வெளிநாட்டில் உழைத்தாலும் நீங்காது.

இப்போது வளைகுடா வாலிபரின் நிலையைப் பாருங்கள். அவருடைய தங்கும் அனுமதி வேலையைப் பொறுத்தது. வேலை முடிந்தால் ஊர் திரும்பியாக வேண்டும். அவருக்கும் அதுவே எண்ணம். சம்பாத்தியத்தில் வீட்டுக்கு மாடி எடுப்பதும் தங்கையின் கலியாணம் நடத்துவதும் இங்கேதான். மனைவியும் இந்த வீட்டில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. துபாய் அவருக்கு வதன் இகாமத், அதாவது தங்குமிடம். தங்கும் நிய்யத்தினால் அங்கேயும் முழுமையாகத் தொழுகிறார். அங்கே நான்கு தொழுதுவிட்டு, உம்மாவின் வீட்டுக்கு வந்து இரண்டு தொழுவது எவ்வளவு பெரிய தலைகீழ்! ‘நான் இந்த வீட்டுக்காரன் அல்லன்’ என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ளுஹரிலும் அஸரிலும் இஷாவிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை பெற்று, மனைவி மக்களோடு அங்கேயே நிலைத்துவிட்டவரின் விஷயம் வேறு. ‘இனி தாம்பரம் எனக்குப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்தான்’ என்று உண்மையில் முடிவு செய்திருந்தால், பத்து நாளுக்கு வரும்போது அவர் முஸாபிர்தான். திரும்புவதா, இல்லையா என்று அவரே தீர்மானிக்காத வரை பழைய ஊர் பழைய ஊராகவே இருக்கும். இரண்டு ஊர்களையும் இருப்பிடமாக வைத்திருப்பவருக்கு இரண்டிலும் முழுத் தொழுகை என்று ஹனபி இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஆலிம் சட்டத்தைத்தான் சொல்ல முடியும்; நிய்யத்து எது என்பதைச் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். அதைப் பெற்றோரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. திரும்பி வருவான் என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

மகளின் சட்டம் கேட்டால் சில தாய்மாருக்கு மனம் சங்கடப்படும். கலியாணமாகித் திருச்சியில் கணவன் வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பெண், பத்து நாளுக்குத் தாம்பரத்தில் தாய் வீடு வந்தால், ஹனபி சட்டப்படி அவள் முஸாபிர்; கஸ்ரு செய்வாள். அவளுடைய வதன் மாறிவிட்டது. மக்காவில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இருந்த அதே நிலை. தாய் வீட்டின் பாசத்தில் இதனால் ஒன்றும் குறைவதில்லை.

எல்லை எங்கே தொடங்குகிறது என்பதும் நம் பகுதியில் அடிக்கடி எழும் கேள்வி. பிரயாண தூரம் ஹனபியில் 48 மைல், ஏறத்தாழ 77 கிலோ மீட்டர். ஷாபிஈயில் 80-ஐச் சற்றுத் தாண்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்வர கஸ்ரு இல்லை. சுமார் 95 கிலோ மீட்டர் தள்ளியுள்ள திண்டிவனம் போக உண்டு. ஆனால் தூரம் போதுமானதாக இருந்தாலும், ஊரின் கட்டடங்களைக் கடந்த பிறகுதான் கஸ்ரு தொடங்கும். தாம்பரத்திலிருந்து சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று ரயிலில் நான்கு ஸ்டேஷன் போனால் விமான நிலையம். இடையில் ஊர் எங்கே முடிகிறது? ஜி.எஸ்.டி. சாலை நெடுக வீடும் கடையும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. 2021-ல் தாம்பரமும் பல்லாவரமும் ஒரே மாநகராட்சியாக்கப்பட்டன என்பது இதற்கு ஆதாரமல்ல. சர்க்கார் கோடு வேறு, சட்டம் பார்க்கும் எல்லை வேறு. ஒட்டிக்கிடக்கும் குடியிருப்புகள் ஓர் ஊரைப் போலவே என்பதே இங்கு அளவுகோல். ஆகவே தாம்பரத்துக்காரர் விமான நிலையத்தில் முழுமையாகத் தொழுவதே பேணுதல் என்பது நம் கருத்து. தம் மஹல்லா இமாமிடமும் கேட்டுக்கொள்ளலாம். செங்கல்பட்டுக்காரர் அப்படியல்ல. ஏரியும் காடும் கடந்து வருகிறவர் அவர். விமான நிலையத்திலேயே கஸ்ரு செய்யலாம். திரும்பும்போதும் இதே எல்லைதான். கஸ்ரு செய்பவர் முகீமான இமாமைப் பின்பற்றினால் நான்கும் தொழ வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஊர் வந்ததும் இரண்டு ரக்அத் தொழ விரும்புகிறவருக்கு வேறொரு வழி உண்டு. பிரயாணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். அது நபில், கஸ்ரு அல்ல.

ரமளானில் வருகிறவர்களுக்கு ஒரு சொல். வளைகுடாவில் நோன்பு பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முந்தியே தொடங்கிவிடும். அங்கே பிடிக்கத் தொடங்கி இங்கே பெருநாள் கொண்டாட வருகிறவருக்கு 31 நோன்பு வரக்கூடும். ‘எனக்கு முப்பது முடிந்தது’ என்று அவர் தனியாகப் பெருநாள் கொண்டாடக் கூடாது; வீட்டாரோடு சேர்ந்து நோன்பு வைத்து, அவர்களோடுதான் பெருநாள். இங்கே பிடிக்கத் தொடங்கி அங்கே போகிறவருக்கு 28-லேயே பெருநாள் வந்துவிட்டால், அவ்வூராரோடு பெருநாள் தொழுதுவிட்டு, பிறகு ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டும். பகலில் நோன்பில்லாமல் வந்திறங்குகிறவர், ஹனபி சட்டப்படி, மஃரிப் வரை உண்ணாமல் பருகாமல் இருக்க வேண்டும். ஷாபிஈயில் அது ஸுன்னத்து. பிள்ளை களைத்து வந்திருக்கிறானே என்று உடனே சோறு போடத் துடிக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால், மஃரிபுக்கு நோன்புக் கஞ்சியோடு சேர்த்தே பரிமாறலாம்.