வயலின்மேல் பறக்கும் டிரோனும் பஞ்சாயத்தின் கடமையும்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் இந்திய விமானப்படையின் நிலையம் ஒன்று உண்டு. அதன் சுற்றுப்புறக் கிராமங்களில் வயலும் குடியிருப்பும் அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய இடத்தில் பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோனைப் பறக்கவிடுவோர் அறிய வேண்டியவை யாவை என்று பார்ப்போம்.

பத்து லிட்டர் மருந்து ஏற்றும் டிரோன், பாரத்துடன் ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். சுழலும் இறக்கைகளுடன் அது விழுந்தால், களையெடுக்கும் பெண்ணுக்கோ வரப்பில் நிற்கும் சிறுவனுக்கோ உயிர்ச்சேதம் நேரலாம்.

2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள், வான்வெளியை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க அனுமதி வேண்டுவதில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய சர்க்காரின் அனுமதியும் அவசியம். நம் வயல் எந்த மண்டலத்தில் உள்ளது என்பதைச் சர்க்கார் வெளியிட்டுள்ள வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெளிப்பு டிரோனுக்குப் பதிவு எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும்; இயக்குபவரிடம் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், சிவில் டிரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. டிரோன் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும், படுகாயமுற்றவருக்கு ஒரு லட்சம் ரூபாயும் நஷ்ட ஈடு வழங்க அவ்வரைவு வகைசெய்கிறது. சில குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையும் அதில் கூறப்பட்டுள்ளது.

நஷ்ட ஈட்டை ஏட்டில் எழுதினால் மட்டும் போதுமா? விழுந்தது யாருடைய டிரோன், அதற்குக் காப்பீடு இருந்ததா என்பது தெரியாவிடில், கூலித் தொழிலாளி யாரிடம் முறையிடுவார்? ஆகவே பஞ்சாயத்துகள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நலம். மருந்து தெளிக்கும் நாள், வயல், டிரோனின் பதிவு எண், இயக்குபவரின் சான்றிதழ், காப்பீடு முடியும் தேதி ஆகியவற்றை அதில் எழுதலாம். முன்நாளே தண்டோரா போட்டு அறிவித்தால், மக்களும் கால்நடைகளும் விலகியிருக்க வழியுண்டு. காற்று வீடுகளை நோக்கி வீசும் வேளையில் தெளிப்பதை ஒத்திவைக்க வேண்டும்.

டிரோன் உழவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவி. பக்கத்து வயலில் குனிந்து வேலை செய்பவருக்கும் அது தீங்கிழைக்காதிருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகும்.