தோட்டத்திலிருந்து தொடர்மாடிக்கு

கொழும்பில் வனாத்தமுல்லையிலோ கொம்பனித்தெருவிலோ உங்கள் உறவினர் எவரேனும் இருப்பின், ‘தோட்டம்’ என்ற சொல்லை அறிந்திருப்பீர்கள். அங்கே தோட்டம் என்பது மரஞ்செடி நிற்கும் இடமன்று. முடுக்கொன்றினுள் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசைகளும் அவற்றுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயுமே தோட்டம். நகரைப் புதுப்பிக்க முனைவோரின் கண்ணில் முதலில் படுவனவும் இவையே.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஏக்கரில் எத்தனை பேர் என்பது அடர்த்தி; ஓர் அறையில் எத்தனை பேர் என்பது நெரிசல். போதிய அறைகளுள்ள மாடிக் கட்டடத்தில் அடர்த்தி மிக அதிகம், ஆனால் நெரிசல் இல்லை. தனித்து நிற்கும் ஓர் ஓலைக் குடிசையில் பத்துப் பேர் படுத்தால் அடர்த்தி குறைவு, நெரிசலோ கடுமை. காசநோய் பரவுவதும் பிள்ளைகள் படிக்க இடமின்றித் தவிப்பதும் நெரிசலின் விளைவுகள். இந்த வேறுபாட்டை மறந்து திட்டம் போட்டால், ஒன்றைக் குறைக்கப் போய் மற்றதைக் கூட்டிவிடுவோம்.

1973இல் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தினால் தோட்டங்களில் வாடகைக்கு இருந்த பலர் வீட்டுக்காரராயினர். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டம் நகரத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச் காணியேனும் ஒதுக்க முயன்றது. இரண்டு பேர்ச் என்பது ஏறத்தாழ 545 சதுர அடி, சிறிது தான். ஆயினும் அது நிலம். மகன் மணம் முடித்தால் மேலே ஒரு தட்டு எழுப்பலாம். முன் திண்ணையில் இடியப்பம் அவித்து விற்கலாம். அந்த நாட்களில் செய்யப்பட்ட நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று என்பேன்.

பின்னர் காற்று மாறியது. 2001இல் வனாத்தமுல்லையில் 14 மாடிகளுடன் சஹஸ்புர எழுந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டன. 68,000க்கு மேற்பட்ட குடும்பங்களைத் தோட்டங்களிலிருந்து அகற்றி, விடுபடும் காணியை வணிகத்துக்குக் கொடுப்பதே அதிகார சபையின் திட்டம்.

புதிய தொடர்மாடிகளில் குடும்பத்துக்குத் தனி மலசலகூடம் கிடைத்தது. மழை வெள்ளம் உள்ளே வராது. இவற்றைச் சிறிதென்று சொல்லக்கூடாது, முதுகில் தண்ணீர் சுமந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். ஆனால் முதலில் கட்டப்பட்ட வீடுகளிற் பல ஏறத்தாழ 400 சதுர அடியே. இரண்டு தட்டு வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கும் அதே அளவு. மேலே தட்டு எழுப்ப வழியில்லை. ஆகவே நெரிசல் தரையிலிருந்து பத்தாம் மாடிக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். மாடியும் கதவும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டமையால், அயலார் சிதறினர். இடியப்பக்காரிக்கு வாடிக்கையாளர் இல்லை. மின்தூக்கி பழுதானால் முதியவர் வீட்டுக் கைதிதான். மரண வீடென்றால் பெட்டியை எப்படி ஏற்றுவது, வருவோரை எங்கே இருத்துவது என்பதே பெரும் கவலை. சொந்த உறுதி வைத்திருந்தவர்களும் தவணைப் பணம் கட்ட நேர்ந்தது.

2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியமர்த்தற் கொள்கை ஒன்று உண்டு. உறுதிப் பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்தவேண்டும் என்று அது கூறுகிறது. அதைப் பலர் அறியார். ஆகவே நகரில் வாழும் உங்கள் உறவினருக்குச் சொல்லி வையுங்கள்: சோலைவரிச் சிட்டை, தண்ணீர்ப் பட்டியல், வாக்காளர் இடாப்பின் பிரதி ஆகியவற்றை ஒரே கோவையில் வைக்கட்டும். ஒரு கதவிலக்கத்தின் கீழ் இரு குடும்பங்கள் இருப்பின், கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லி இரண்டாகப் பதிவிக்கட்டும். பதிந்ததற்கு எழுத்தில் அத்தாட்சியும் கேட்கட்டும்.