பையனுக்குக் கணக்கு தானாக வருமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாட்களில் கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலேயின் பல வீடுகளில், பேசும் மொழி தமிழோ கன்னடமோ தெலுங்கோ, பேச்சு ஒரே திசையில்தான் போகும். பையன் என்றால் பி.யு.சி.யில் பி.சி.எம்.சி. (இயற்பியல், வேதியியல், கணக்கு, கணினி அறிவியல்), பெண் என்றால் காமர்ஸ். எல்லையைத் தாண்டி ஓசூரில் இதைக் குரூப் என்பார்கள், அவ்வளவுதான். ஆண் பிள்ளைக்குக் கணக்கு இயல்பாகவே வரும் என்பதுதான் இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கை. மதிப்பெண் பட்டியலே இதை மறுக்கிறது. 2024 எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கர்நாடகத்தில் மாணவிகள் 81.11 சதவீதம் தேர்ச்சி பெற்றார்கள், மாணவர்கள் 65.90 சதவீதம். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. இவை எல்லாப் பாடங்களும் சேர்ந்த கணக்கு என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கில் தோற்றவர் மொத்தத்திலும் தோற்றவர்தானே.

இதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கிறது: “பொம்பளப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடும், பையன்கள்தான் புரிஞ்சு போடுவாங்க.” இது உண்மையானால், மனப்பாடத்துக்கு இடமே தராத ஒரு தேர்வில் பையன்கள் முந்தியிருக்க வேண்டும். அப்படியொரு தேர்வு நடந்திருக்கிறது. ஓ.இ.சி.டி. அமைப்பு உலகெங்கும் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா தேர்வில், 2009 சுற்றின் நீட்சியாக, தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கணக்கில் தமிழ்நாட்டுக்கு 351 புள்ளி, ஷாங்காய்க்கு 600, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 496. 74 நாடுகள், பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு 72ஆவது இடம், இமாசலத்துக்கு 73ஆவது. தமிழ்நாட்டு மாணவருக்கும் மாணவிக்கும் இடையில் கணக்கில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. முந்தியிருக்க வேண்டிய இடத்தில் பையன்கள் முந்தவில்லை. இரு பாலாரும் சேர்ந்தே பின்தங்கியிருந்தார்கள்.

கேள்விகள் வெளிநாட்டுச் சூழலில் அமைந்தவை, நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்று அன்றைக்கு அரசுத் தரப்பு சொன்னது. பிறகு 2012, 2015, 2018, 2022 என எந்தச் சுற்றிலும் இந்தியா எழுதவில்லை. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சண்டிகர் பள்ளிகளைக் கொண்டு எழுத 2019இல் ஒப்பந்தமாகியும் அது நடக்கவில்லை. சரி, அந்தத் தேர்வு அடிப்படைத் திறன் என்று எதைக் கேட்கிறது? ஓர் ஊருக்குப் போக இரண்டு வழி இருந்தால் மொத்தத் தூரத்தை ஒப்பிடுவது, ஒரு விலையை வேறு நாணயத்துக்கு மாற்றுவது. இதில் எது அந்நியம்? அத்திபெலேயில் பெட்ரோலுக்கு ஒரு விலை, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜூஜூவாடியில் வேறொரு விலை. விலை குறைவான பக்கம் போய் வண்டிக்கு ஐந்து லிட்டர் போட்டால் எவ்வளவு மிச்சம், போய்வர ஆகும் செலவு அதைத் தின்றுவிடுமா என்று கணக்குப் போடுவதும் அந்த வகைக் கேள்விதான். தமிழ்நாட்டில் அந்த அடிப்படை நிலையை எட்டியவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். வியட்நாமும் பணக்கார நாடில்லை. 2012இல் முதல்முறை எழுதியபோதே 511 புள்ளி எடுத்தது. அங்கே 15 வயதினரில் பலர் பள்ளிக்கு வெளியே இருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். ஆனால் அதை வைத்து தமிழ்நாட்டின் 351க்குச் சமாதானம் சொல்ல முடியாது.

ஐ.ஐ.டி. வகுப்பறைகளில் பையன்கள்தானே அதிகம் என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? அதிகம்தான். அதனால்தான் 2018 முதல் மாணவிகளுக்குக் கூடுதல் இடங்கள் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு வழி இரண்டு ஆண்டுக் கோச்சிங், விடுதி, லட்சக்கணக்கில் பணம். யாருக்காக அந்தப் பணத்தை எடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு சான்று பையன்களுக்குச் சாதகமானது, அதையும் மறைக்கக் கூடாது. 26 மாநிலங்களின் ஊரகப் பகுதியில் 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் 2023இல் நடந்த ஏசர் ஆய்வில், எளிய வகுத்தலைச் சரியாகப் போட்டவர்கள் ஆண்களில் 45 சதவீதம், பெண்களில் 41.8. பையன்கள் மூன்று சதவீதப் புள்ளி முன்னே. ஆனால் அந்தப் பையன்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரியவில்லை என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. உலக அளவிலும் இடைவெளி சிறியது: 2022 பீசாவில் ஓ.இ.சி.டி. சராசரியில் மாணவர்கள் 9 புள்ளி முன்னே. பின்லாந்திலும் மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மாணவிகள் முன்னே. பிறவியிலேயே அமைந்ததென்றால் நாட்டுக்கு நாடு இப்படித் தலைகீழாகாது.

இந்த நம்பிக்கை பெண் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதலைப் பலரும் பேசிவிட்டார்கள். பையன்களுக்குச் செய்யும் கெடுதலை யாரும் பேசுவதில்லை. தானாக வரும் என்று நினைத்துவிட்டால் வரவில்லை என்பது கண்ணில் படாது. ஆறாம் வகுப்பில் வகுத்தல் தடுமாறுகிறவனை ‘விளையாட்டுப் புத்தி, பத்தாவதில் பிக்கப் ஆயிடுவான்’ என்று விட்டுவிடுகிறோம். ஏசர் ஆய்வில் ஸ்கேலின் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்த பொருளின் நீளத்தை ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். பொருளைச் சற்று நகர்த்தி வைத்ததும் அது 39 ஆனது. அளப்பது என்றால் என்னவென்று புரியாமல், முடியும் இடத்து எண்ணைப் படிக்க மட்டும் பழகியிருக்கிறார்கள். இந்த ஓட்டையோடு பி.சி.எம்.சி.யில் சேர்ப்பது, நீச்சல் தெரியாதவனை ஏரியில் இறக்குவதுதான். நாளைக்கு அவன் அத்திபெலே தொழிற்பேட்டையிலோ ஓசூர் சிப்காட்டிலோ வேலைக்குப் போனாலும் வெர்னியர் கேலிப்பரைப் படித்தாக வேண்டும்.

அடுத்த எஸ்.டி.எம்.சி. (பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழு) கூட்டத்துக்குப் போகிறவர்கள் தேர்ச்சி சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வகுத்தல் தெரியும், அதில் பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கேளுங்கள். எந்தக் குரூப் என்பதை அதற்கப்புறம் பிள்ளையின் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.