காம்பில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர். போர் முடிந்து மலாயாவிலிருந்து ஊர் திரும்பியபோது ஒரு ஜப்பானிய வாளைக் கொண்டுவந்தார். பல வருடம் பீரோ மேல் சாக்கில் சுற்றிக் கிடந்தது; இப்போது என்னிடம் இருக்கிறது. உறையின் மேல் தோல் தைத்திருக்கிறது. பித்தளைக் கைக்காப்பில் பூ வேலை. அலகின் நீளம் 63 சென்டிமீட்டர். பிடியைக் கழற்றிப் பார்த்தேன். துருப்பிடித்த காம்பில் இரண்டு துளைகள், ஒரு பக்கம் ஆறு எழுத்துகள், மறுபக்கமும் சில எழுத்துகள். படம் அனுப்பியிருக்கிறேன். காம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று தெரியும், அலகையும் சாணை பிடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு பழைய சாமான் கடைக்காரர். செய்யலாமா? இது சாமுராய் காலத்து வாளா, போர்க்காலத்தில் மெஷினில் செய்ததா? இந்த ஆர்வத்தில் ஆன்லைனில் ஓர் இரும்பு ‘சூபா’வும் (வாளின் கைக்காப்பு) வாங்கினேன். அது அசலா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புளியும் வேண்டாம், சாணையும் வேண்டாம். அந்தக் கடைக்காரரிடம் வாளைக் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானிய வாளில் காம்பின் துருவை யாருமே தொடுவதில்லை. அலகை ஒவ்வொரு தலைமுறையும் தீட்டியிருக்கும். பிடியும் உறையும் பலமுறை மாறியிருக்கும். கொல்லர் கைவிட்ட நிலையிலேயே இருப்பது காம்பு ஒன்றுதான். அதன் துருதான் வாளின் வயதைச் சொல்கிறது. ஒரு மணி நேரம் தேய்த்தால் நானூறு வருடச் சாட்சியம் போய்விடும். அதன் பிறகு எந்த நிபுணரும் அதைத் திரும்பத் தர முடியாது.

தோல் உறையையும் பித்தளைக் கைக்காப்பையும் வைத்து அலகின் காலத்தை முடிவுகட்ட வேண்டாம். அவை 1930-களில் வந்த ராணுவ அதிகாரிகளின் வாளுக்குரிய உடுப்பு. பூ வேலை செர்ரிப் பூவாக இருக்கும். அந்த அதிகாரிகள் வாளைச் சொந்தச் செலவில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் பலர் வீட்டில் இருந்த பாட்டன் காலத்து அலகையே புதுப் பிடியில் பொருத்திப் போருக்குக் கொண்டுபோனார்கள். 1945-இல் சரணடைந்தபோது ஆலையில் செய்த வாளும் பரம்பரை வாளும் ஒரே குவியலில் விழுந்தன. ஜப்பானுக்குள்ளும் இதே கதைதான். ஒருகாலத்தில் ஜப்பானை ஆண்ட டோக்குகாவா குடும்பத்தின் ‘ஹோன்ஜோ மசாமுனே’ என்ற வாள் அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

(கீழ்நிலை அதிகாரிகளுக்குக் கொடுத்த 1935-ஆம் ஆண்டு மாதிரி வேறு. அது முழுக்க மெஷின் வேலை. உலோகத்தில் வார்த்த பிடி, அலகிலேயே வரிசை எண். உங்களுடையது அதுவல்ல.)

இனி காம்புக்கு வருவோம். பழைய காம்பின் துரு கறுப்பு கலந்த பழுப்பு. விரலில் ஒட்டாது, அடியில் லேசான மினுக்கம் இருக்கும். போர்க்காலக் காம்பில் செந்துரு, அதனடியில் அரம் ராவிய கோடுகள் கூர்மையாகத் தெரியும். துளைகளையும் பாருங்கள். டிரில் போட்ட துளை உள்ளே வழவழவென்று சரியான வட்டமாக இருக்கும். உளியால் தட்டித் திறந்த பழைய துளையின் வட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கும். உங்கள் படத்தில் மேல்துளை கோணல், கீழ்த்துளை சுத்தமான வட்டம். ராணுவப் பிடி பொருத்தும்போது இரண்டாவதைப் போட்டிருக்க வேண்டும். எழுத்துக்குப் பக்கத்தில் சிறு வட்ட முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள். போர்க்காலத்தில் மரபு முறைக்குப் புறம்பாகச் செய்த அலகுகளில் ‘ஷோவா’, ‘செகி’ முத்திரைகளைக் குத்தினார்கள். நட்சத்திர முத்திரை என்றால் ராணுவம் அங்கீகரித்த கொல்லர் மரபு எஃகில் அடித்தது. அதற்குத் தனி மதிப்பு. உங்கள் படத்தில் எந்த முத்திரையும் தெரியவில்லை.

அந்த ஆறு எழுத்துகள்: பிஷூ ஒசாஃபுனே சுகேசதா. பிஷூ என்பது பிஸென் நாடு, இன்றைய ஒகாயாமா பகுதி. யோஷீ ஆற்றங்கரையில் இருந்த ஒசாஃபுனே ஜப்பானின் மிகப் பெரிய வாள் கொல்லர் ஊர். சுகேசதா தனி ஒருவர் அல்லர். அந்தப் பெயரில் பல பேர் பல தலைமுறையாக அடித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் வாளுக்கு அத்தனை கிராக்கி. ஆகவே ஒசாஃபுனே இரண்டு தரத்தில் வேலை செய்தது. படைக்குக் கட்டுக்கட்டாகப் போனவற்றில் இப்படிச் சுருக்கமாக ஊரும் பெயரும் மட்டும் இருக்கும். பேர் பெற்றவர் ஆர்டர் கொடுத்துச் செய்வித்தால் ‘யோசோஸாயெமோன் நோ ஜோ சுகேசதா’ என்பதுபோலக் கொல்லரின் சொந்தப் பெயரும் சேர்ந்து நீளமாக வரும். மறுபக்கத்தில் ‘தென்புன்’ என்ற சகாப்தப் பெயரும் ‘எட்டாம் மாதம்’ என்பதும் படிக்க முடிகின்றன. நடுவில் இருக்கும் ஆண்டு எண்ணைத் துரு மூடியிருக்கிறது. தென்புன் 1532 முதல் 1555 வரை. வாளில் மாதம் பொறித்தால் இரண்டு அல்லது எட்டு என்றே பொறிப்பது வழக்கம். ஆகவே மாதத்தை நம்பி வேறு கணக்குப் போட வேண்டாம். 1590-ஐ ஒட்டி வந்த பெருவெள்ளத்தில் ஒசாஃபுனே பட்டறைகள் அழிந்தன.

63 செ.மீ. நீளம் அந்தக் காலத்து ஒற்றைக்கை வாளுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் எழுத்தைப் படித்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஜப்பானிய வாள் தேர்வில் கையெழுத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் வடிவம், பிறகு எஃகின் மேனி, பிறகு தோய்ச்சல் கோடு. இந்த மூன்றும் ஒரு கொல்லரைக் காட்டிய பிறகு, கையெழுத்து அதற்கு ஒத்துவருகிறதா என்று சரிபார்ப்பார்கள். காரணம், போலிக் கையெழுத்து வியாபாரம் அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக் கொல்லர் கொதெட்ஸுவின் பெயர் பொறித்த வாளைக் கண்டால் முதலில் போலி என்றே எடுத்துக்கொள்வது சேகரிப்பாளர் வழக்கம். நல்ல வாளிலும் போலிப் பெயர் இருக்கும், சுமாரான வாளிலும் உண்மைப் பெயர் இருக்கும். பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

அதனால் இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பை மட்டும் போடுங்கள். பிடிப்பக்கத்தைக் கண்ணருகில் வைத்து, முனையைப் பல்புக்குக் கீழே நீட்டி, ஒளி அலகின் மேல் வழுக்கிப்போகும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வாய்ப்பக்கம் களிமண் மெல்லியதாகவும் முதுகுப்பக்கம் தடிப்பாகவும் பூசித் தண்ணீரில் தோய்த்த அலகில், எல்லைக் கோட்டில் மூடுபனி போல ஒரு வெண்மை கிளம்பும். அதற்குள் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய பொட்டுகளும் மின்னலாம். சாய்வு மாறினால் அதுவும் தோன்றி மறையும். அமிலம் ஊற்றி வரைந்த போலிக் கோடு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தட்டையாக வெளுத்து நிற்கும். சுகேசதா என்றால் கோட்டின் அலை முகடுகள் நண்டுக் கொடுக்குபோல இரண்டாகப் பிளந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கோடு முனைவரை ஓடி அங்கே முதுகை நோக்கித் திரும்ப வேண்டும். முனை உடைந்து திருத்தியிருந்தால் அந்தத் திருப்பம் காணாமல் போயிருக்கும். மதிப்பும் வெகுவாக இறங்கும்.

சாணை ஏன் கூடாது என்பதற்குக் காரணம் அலகின் கட்டமைப்பில் இருக்கிறது. வெளியே கடினமான எஃகு மேனி, உள்ளே மெத்தென்ற இரும்புக் கரு. ஒவ்வொரு தீட்டலும் மேனியைக் கொஞ்சம் தின்கிறது. நூற்றாண்டுகளாகத் தீட்டிய அலகில் மிஞ்சியிருப்பது மெல்லிய தோல்தான். மோட்டார் சாணை அந்தத் தோலைக் கிழித்துக் கருவை வெளியே கொண்டுவரும், சூட்டில் தோய்ச்சலையும் கெடுக்கும். ஜப்பானில் இதற்கென்றே பல வருடம் குருவிடம் பயின்ற கலைஞர்கள், கரடுமுரடான கல்லில் தொடங்கிக் கடைசியில் நகம் அளவுக் கல் சில்லை விரலால் தேய்த்து முடிக்கிறார்கள்.

ஆனால் உடனே ஜப்பானுக்குப் பார்சல் கட்டிவிடாதீர்கள். நூறு வயதைக் கடந்தது என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாள் என்பதால் ஆயுதச் சட்டமும் உண்டு. இரண்டையும் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை செய்ய வேண்டியது சின்ன வேலை. சாக்கை எறியுங்கள். அலகை வெறும் விரலால் தொடாதீர்கள். கைவேர்வை ஓரிரு நாளில் துருவாகும். மெல்லிய பருத்தித் துணியால் பழைய பிசுக்கைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெயை ஒரு படலம் மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. காம்புக்கு எதுவும் வேண்டாம்.

இனி சூபா. நீங்கள் அனுப்பிய படத்தில் என் கண் முதலில் போனது துளையிட்ட வேலைப்பாட்டின் உட்சுவருக்கு. அங்கே நடுவில் நூலிழை போல ஒரு மேடு ஓடுகிறது. அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த தடம் அது. கையால் அறுத்த வேலையில் அந்த மேடு வராது. சுவர் செங்குத்தாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். அலகு நுழையும் நடுத்துளையிலும் எந்த அடையாளமும் இல்லை. உபயோகித்த சூபாவில் அந்தத் துளையைச் சுற்றி உளிக்குத்தும், அலகு ஆடாமலிருக்க அடைத்த செம்புத் துண்டும் பெரும்பாலும் காணப்படும். உங்களுடையது வார்ப்பு நகல். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்வாரென்றால் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து வாங்கும்போது இரும்போடு நின்றுவிடாமல் ‘ஷாக்குதோ’வையும் பாருங்கள். செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்து, செப்பு உப்புகள் கலந்த நீரில் கொதிக்கவைத்தால் மேலே நீலம் பாய்ந்த கறுப்பு படியும். கோத்தோ குடும்பம் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இந்த உலோகத்தில்தான் பேர் எடுத்தது. 1876-இல் அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்ததும் வாளுக்கு உலோக வேலை செய்த கலைஞர்களுக்கு வேலை போயிற்று. இவர்களில் கானோ நாட்சுவோ அதற்கு முன்பே மெய்ஜி அரசின் புது நாணயங்களுக்கு வடிவம் கொடுத்திருந்தார். நம் வீடுகளில் ஷாக்குதோவுக்கு வரும் ஆபத்து ஒன்றுதான்: கறுத்த செம்பு என்று நினைத்து யாராவது புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அந்தக் கறுப்புதான் அதன் அழகு முழுவதும். படலம் மிக மெல்லியது, புளியின் அமிலத்தில் நிமிடத்தில் போய்விடும்.

வாளின் இன்னும் மூன்று படங்களை அனுப்புங்கள்: பிடியில்லாமல் முழு நீளத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்று, பல்பின் கீழ் முனைப்பகுதி ஒன்று, காம்பின் இரண்டாம் பக்கத்தைச் சாய்வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று. ஆண்டு எண்ணைப் படிக்க அந்த மூன்றாவது படம் உதவும்.